எதன் பக்கத்தில் எதை வைப்பது?

பூவேலை செய்த வெள்ளிக் கூஜாக்களும் கோப்பைகளும் பளபளக்கும் ஒரு கண்ணாடிப் பேழை. அவற்றின் நடுவே கறுத்துப்போன இரும்பு விலங்கு ஒன்று கிடக்கிறது. அடிமைகளுக்குப் பூட்டிய விலங்கு. பேழையின் லேபிளில் ஒரே வரி: ‘உலோக வேலைப்பாடு, 1793–1880’.

1992-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் ஃப்ரெட் வில்சன் என்ற கலைஞர் அமைத்த கண்காட்சி இது. இந்தப் பேழைக்காக அவர் வெளியிலிருந்து எதையும் வாங்கி வரவில்லை. வெள்ளியும் விலங்கும் அதே சங்கத்தின் சேகரிப்பில் இருந்தவைதான். இரண்டையும் ஒரே கண்ணாடிக்குள் வைத்ததும், அந்த வெள்ளியை வாங்கும் செல்வம் யாருடைய உழைப்பில் வந்தது என்ற கேள்வியைப் பார்வையாளர் தானே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. நுழைவாயிலருகே இன்னொன்று. ஒருபக்கம் மூன்று பீடங்களில் மூன்று மார்பளவுச் சிலைகள்: நெப்போலியன், அமெரிக்க அரசியல் தலைவர்களான ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன். மூவருமே மேரிலாந்துக்காரர்கள் இல்லை. மறுபக்கம் மூன்று வெற்றுப் பீடங்கள். அவற்றில் ஹாரியட் டப்மன், ஃப்ரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பேனக்கர் ஆகிய பெயர்கள் மட்டும். முதல் இருவரும் அடிமை முறைக்கு எதிராகப் போராடியவர்கள், பேனக்கர் வானியல் அறிஞர். மூவரும் மேரிலாந்திலேயே பிறந்த கறுப்பினத்தவர்கள். அவர்களுக்குச் சேகரிப்பில் சிலை இல்லை.

கருப்பொருள் சார்ந்த கண்காட்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தப் பேழையைத்தான். ஒரு தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதி, அதற்குப் பொருந்தும் படங்களை வரிசையாக மாட்டினால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் கண்காட்சியின் கருத்து இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் உருவாகிறது. அந்த இடைவெளியைத் தீர்மானிக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. பெரிய கண்காட்சி என்றால் பத்து ஆண்டுகள்கூட ஆகும்.

தலைப்பும் கேள்வியும்

‘நீர்’, ‘தாய்மை’, ‘நகரம்’ என்பதெல்லாம் தலைப்புகள். இப்படிப்பட்ட சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால் எதுவுமே பொருந்தும். எதையுமே தள்ள முடியாது. அதனால்தான் அனுபவமுள்ள க்யூரேட்டர்கள் (கண்காட்சியின் கருத்தை வகுத்து, படைப்புகளைத் தேர்ந்து, ஒழுங்கமைக்கும் பொறுப்பாளர்கள்) ஆரம்பத்திலேயே ஒரு வாக்கியத்தை எழுதிவிடுகிறார்கள். கண்காட்சி எதைக் காட்டப்போகிறது என்று எழுவாய், பயனிலையோடு ஒரு முழு வாக்கியம். ‘நகரம்’ என்பது தலைப்பு. ‘தெருவிளக்கு வந்த பிறகு ஓவியர்கள் இரவைப் பார்த்த விதம் மாறியது’ என்பது வாக்கியம். பின்னதை வைத்து ஒரு படத்தை ஏற்கவும் முடியும், விலக்கவும் முடியும். ஒரு படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வாக்கியத்துக்கு அது எதையும் சேர்க்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான். விடுவது எளிதில்லை.

பெரிய தலைப்புகள் தரும் சிக்கலை லண்டனின் டேட் மாடர்ன் என்ற நவீனக் கலை அருங்காட்சியகம் 2000-இல் திறந்தபோதே பார்க்க முடிந்தது. ஆண்டு வரிசையையும் ‘இசங்களையும்’ (இம்ப்ரெஷனிசம், கியூபிசம் போன்ற கலை இயக்கங்களை) ஒதுக்கிவிட்டு, சேகரிப்பு முழுவதையும் நான்கு பிரிவுகளாக அடுக்கினார்கள்: நிலக்காட்சி, அசையாப் பொருள், மனித உடல், வரலாறு. மோனேயின் அல்லிக்குள ஓவியம் இருந்த அறையில் ரிச்சர்ட் லாங் சேற்றைக் கையால் அப்பிச் செய்த படைப்பும் இருந்தது. இரண்டுமே தண்ணீரையும் மண்ணையும் கை தொட்ட விதம் என்று பார்த்தவர்களுக்கு அது ஒரு திறப்பு. வேறு சிலருக்கு, தோற்றத்தில் ஒத்துப்போவதை வைத்து வரலாற்றை அழித்துவிட்டார்கள் என்ற கோபம். இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். பார்வைக்கு ஒத்துப்போவது ஒரு தொடக்கம். ஏன் ஒத்துப்போகிறது என்பதற்கும் அந்த அறை பதில் சொல்ல வேண்டும்.

சில கண்காட்சிகளுக்குக் காலண்டரே கருப்பொருளாக அமைந்துவிடும். பண்டைய எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டு 50 ஆண்டுகள் ஆனதை ஒட்டி 1972-இல் பிரிட்டிஷ் மியூசியம் 50 பொருள்களை வைத்து நடத்திய கண்காட்சிக்கு ஏறக்குறைய 17 லட்சம் பேர் வந்தார்கள். நூற்றாண்டுகளும் நினைவு ஆண்டுகளும் நிதி திரட்ட உதவும், இரவல் கேட்கவும் உதவும். ஆனால் ஆண்டுக் கணக்கு ஒரு சாக்குதான். கேள்வியை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

லோர் என்ற பெண்

கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் எதுவார் மானே வரைந்த ‘ஒலிம்ப்பியா’. 1863-இல் வரையப்பட்டு 1865-இல் பாரிசில் காட்டப்பட்டபோது பெரும் சர்ச்சையைக் கிளப்பிய ஓவியம். படுக்கையில் சாய்ந்து நம்மை நேராகப் பார்க்கும் வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றி நூறாண்டுக்கு மேலாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். படத்தின் மறுபாதியில் பூங்கொத்தோடு நிற்கும் கறுப்பினப் பெண்ணைப் பற்றியோ மிகக் குறைவு. கலை வரலாறு படித்துக்கொண்டிருந்த டெனிஸ் முரெல் அந்த மௌனத்தைக் கவனித்தார். இவர் யார்?

பதிலின் நுனி மானேயின் குறிப்பேட்டிலேயே இருந்தது. மாடலாக நின்ற அந்தப் பெண்ணின் பெயர் லோர் என்றும், வந்திமில் தெருவில் 11-ஆம் எண் வீட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறார் என்றும் ஓவியர் எழுதி வைத்திருந்தார். ஒரு பெயர், ஒரு முகவரி. அதைப் பிடித்துக்கொண்டு முரெல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஆய்வு கண்காட்சியாக வளர்ந்து, 2018 அக்டோபரில் அதே பல்கலைக்கழகத்தின் வாலக் கலைக்கூடத்தில் திறந்தது. அடுத்த ஆண்டு பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் ‘கறுப்பின மாடல்: ஜெரிக்கோ முதல் மத்தீஸ் வரை’ என்று பல மடங்கு விரிந்தது.

இங்கே ஒரு நடைமுறை விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் நடந்தபோது ‘ஒலிம்ப்பியா’ அங்கே இல்லை. அந்தப் படம் ஓர்சேயை விட்டு நகர்வதே அபூர்வம். அட்லாண்டிக்கை அது முதன்முறையாகக் கடந்தது 2023-இல்தான், மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் நடந்த மானே–டெகா கண்காட்சிக்காக. ஆக, ஒரு ஓவியத்தைப் பற்றிய கேள்வியில் பிறந்த கண்காட்சி, அந்த ஓவியமே இல்லாமல்தான் முதலில் நடந்தது. வாக்கியம் உறுதியாக இருந்ததால் அது தாங்கியது. மற்ற ஓவியங்களும் நிழற்படங்களும் சேர்ந்து வாதத்தைச் சுமந்தன.

ஓர்சேயில் செய்த இன்னொரு காரியம் சின்னது போலத் தெரியும். சில ஓவியங்களின் தலைப்பைக் கண்காட்சிக் காலத்துக்கு மாற்றினார்கள். மரி-கியெமின் பெனுவா 1800-இல் வரைந்த படம் ‘ஒரு நீக்ரோப் பெண்ணின் சித்திரம்’ என்றே அறியப்பட்டு வந்தது. ஆய்வில் அவர் பெயர் மாட்லேன் என்று தெரியவந்ததும், லேபிளில் ‘மாட்லேனின் சித்திரம்’ என்று எழுதி, பழைய தலைப்புகளையும் கீழே கொடுத்தார்கள். பல பழைய தலைப்புகளை ஓவியர் வைப்பதில்லை. பட்டியல் எழுதியவர்களும் விற்றவர்களும் வைத்தவை. அந்த உண்மையையும் பார்வையாளருக்குக் காட்டியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பட்டியல், இரவல், மறுப்பு

வாக்கியம் கிடைத்ததும் பட்டியல். நடந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசைப் பட்டியல்தான் முதலில். ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் அது எங்கே இருக்கிறது, யாருடையது, எந்த நிலையில் இருக்கிறது, கடைசியாக எப்போது பயணம் போனது என்ற விவரங்கள். கண்டிப்பாக வேண்டியவை, கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் மாற்று என்று பிரிப்பார்கள். மாற்றுகளை முன்கூட்டியே யோசிக்காத கண்காட்சிகள் கடைசி ஆறு மாதத்தில் ஆட்டம் கண்டுவிடும்.

அப்புறம் இரவல் கேட்கும் கடிதங்கள். ஒரு கடிதத்தில் கண்காட்சியின் வாதம், அதில் அந்தக் குறிப்பிட்ட படைப்பின் இடம், கட்டடத்தின் பாதுகாப்பு, தட்பவெப்பம், காப்பீடு எல்லாம் இருக்க வேண்டும். கூடவே, எழுதப்படாத ஒன்றும் உண்டு: நாளை நீங்கள் கேட்டால் நாங்களும் தருவோம். 2019-இல் லூவர் நடத்திய லியனார்தோ கண்காட்சிக்கும் 2020-இல் ரோமில் நடந்த ரஃபேல் கண்காட்சிக்கும் பிரான்சும் இத்தாலியும் படைப்புகளை மாற்றிக்கொள்ள உடன்பட்டது இப்படித்தான். அதுவும் சுலபமாக நடக்கவில்லை. லியனார்தோவின் ‘விட்ருவிய மனிதன்’ என்ற கோட்டோவியம் வெனிசை விட்டுப் போகக் கூடாது என்று இத்தாலியப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. திறப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தடை வந்தது. ஒரு வாரம் இருக்கும்போது நீங்கியது. 500 ஆண்டு பழைய காகிதம் என்பதால் எட்டு வாரங்கள் மட்டுமே காட்டப்பட்டது. ரோம் கண்காட்சிக்கு ரஃபேல் வரைந்த பத்தாம் லியோ போப்பின் படத்தைக் கொடுக்க ஃப்ளாரன்சின் உஃபிசி அருங்காட்சியகம் முடிவு செய்தபோது, அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவின் நான்கு உறுப்பினர்களும் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார்கள். மறுப்பவர்களை நாம் கெடுபிடிக்காரர்களாகப் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பலகை ஓவியம் கொஞ்சமாவது அதிரும், கொஞ்சமாவது விரியும், சுருங்கும். வேண்டாம் என்று சொல்வதும் பாதுகாப்பவரின் கடமைதான்.

சில நேரம் அதிர்ஷ்டமும் கைகொடுக்கும். 2023-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் நடத்திய வெர்மேர் கண்காட்சியில் அவருடைய 28 ஓவியங்கள் ஒன்றுசேர்ந்தன. அவர் வரைந்ததாக இன்று அறியப்படுபவையே மொத்தம் சுமார் 37தான். நியூயார்க்கின் ஃப்ரிக் சேகரிப்பு என்ற அருங்காட்சியகத்திலிருந்து மூன்று ஓவியங்கள் வந்ததற்கு, ஃப்ரிக் மாளிகை அப்போது புதுப்பிப்பு வேலைக்காக மூடியிருந்தது முக்கியக் காரணம். அந்த வாய்ப்பைப் பார்த்துத்தான் நாளே குறித்தார்கள். வியன்னாவிலிருந்து ‘ஓவியக் கலை’ வரவில்லை. ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ மார்ச் கடைசி வரை மட்டும் இருந்துவிட்டு ஹேக் நகருக்குத் திரும்பினாள். கண்காட்சி ஜூன் 4 வரை ஓடியது. ஒரு முக்கியப் படம் பாதியில் போய்விடும் என்று முன்பே தெரிந்து, அது போன பிறகும் அந்த அறை வெறிச்சோடாதபடி திட்டமிடுவது தனி வேலை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. இரவல் வரும் படைப்புகளின் மதிப்புக்குச் சந்தையில் காப்பீடு எடுத்தால் பல அருங்காட்சியகங்களால் தாங்கவே முடியாது. அதனால் சில நாடுகளில் அரசே இழப்பீட்டு உத்தரவாதம் தருகிறது. அமெரிக்கா 1975-இலும் பிரிட்டன் 1980-இலும் இதற்குச் சட்டம் இயற்றின. இன்னொரு சட்டப் பாதுகாப்பு, இரவல் வந்த படைப்பை அந்த நாட்டில் யாரும் பறிமுதல் செய்ய முடியாது என்ற உறுதிமொழி. இது எவ்வளவு கனமான விஷயம் என்பதை ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலே 1912-இல் வரைந்த ‘வாலியின் சித்திரம்’ காட்டியது. 1997-இல் வியன்னாவிலிருந்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்த அந்தப் படம், நாஜிகள் காலத்தில் லேயா போண்டி என்ற யூதக் கலை வணிகரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று அவருடைய வாரிசுகள் உரிமை கோரினார்கள், அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. முடிவுக்கு வந்தது 2010-இல், 1.9 கோடி டாலர் உடன்பாட்டில். அதற்குப் பிறகு, ஒரு படம் 1933 முதல் 1945 வரை யார் கையில் இருந்தது என்று பார்ப்பது பட்டியல் வேலையின் பகுதியாகவே ஆகிவிட்டது. ஆக வேண்டியதும் அதுதான். வழக்குக்குப் பயந்து செய்தாலும் சரி, நியாயத்துக்காகச் செய்தாலும் சரி, தேடினால்தான் உண்மையான உரிமையாளர் வெளியே வருவார்.

ஐம்பது லக்ஸ்

கண்காட்சி அறை இருட்டாக இருக்கிறதே என்று பலர் குறைப்படுவார்கள். காரணம் எளியது. நீர்வண்ண ஓவியம், காகிதம், துணி போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பதுதான் வழக்கமான வெளிச்ச வரம்பு. எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். நன்கு வெளிச்சமிட்ட அலுவலக மேசையில் 500 லக்ஸ் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளிச்சம் செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 90 நாள், 50 லக்ஸ் என்றால் 36,000 லக்ஸ்-மணி. அதையே 100 லக்ஸில் காட்டினால் 45 நாளில் அதே சேதம் ஆகிவிடும். அதனால் பாதுகாப்பு வல்லுநர்கள் ஒவ்வொரு காகிதப் படைப்புக்கும் வெளிச்சக் கணக்கு வைத்திருப்பார்கள். மூன்று மாதம் வெளியே வந்த அச்சுப்படம் அதன் பிறகு சில ஆண்டுகள் இருட்டில் ஓய்வெடுக்க வேண்டும். இந்தக் கணக்கு கருப்பொருளையே திருப்பிவிடும். கண்காட்சி இரண்டு ஊர்களுக்குப் போகிறது என்றால் முதல் ஊரில் ஒரு கோட்டோவியம், இரண்டாம் ஊரில் அதே வாதத்தைச் சொல்லும் வேறொரு கோட்டோவியம் தேவைப்படும். நடுவில் மாற்றுவதற்கென்றே இரட்டைப் பட்டியல் போடுவார்கள்.

காகிதமும் எண்ணெய் ஓவியமும் ஒரே சுவரில் வேண்டும் என்று கருப்பொருள் கேட்கும், வெளிச்சம் மறுக்கும். ஒரே அறையில் 200 லக்ஸுக்குப் பழகிய கண்ணுக்கு 50 லக்ஸ் மங்கலாகத்தான் தெரியும். அதற்காகச் சில நேரம் நடுவில் ஒரு சிறு இடைவழி கட்டி, கண்ணை மெதுவாக இருட்டுக்குப் பழக்குவார்கள். அந்த இடைவழியை வெறும் நடைபாதையாக விடாமல், அடுத்த பகுதியின் கேள்வியைச் சொல்லும் இடமாகவும் பயன்படுத்திக்கொள்ளும் வடிவமைப்பாளர்களைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை.

அட்டைப் பெட்டி அளவில் ஓர் அறை

இப்போது கணினியில் முப்பரிமாண மாதிரி செய்யும் வசதி இருக்கிறது. இருந்தாலும் பல இடங்களில் அட்டையை வெட்டி அறையைப் பத்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோ சிறிதாக்கிச் செய்கிறார்கள். படங்களையும் அதே அளவில் அச்சிட்டு, சின்னஞ்சிறு முத்திரைகளாக வெட்டி, சுவரில் ஒட்டி எடுத்துப் பார்ப்பார்கள். குனிந்து, வாசல் வழியாக உள்ளே பார்த்தால் முதலில் எது தெரிகிறது? இரண்டாவது அறையின் கடைசிச் சுவர் இங்கிருந்தே தெரிந்துவிடுகிறதா? தெரிந்தால் நல்லதா, கெட்டதா? ஒரு தலையளவு சிற்பம் நடுவில் நின்றால் பின்னாலிருக்கும் படத்தை மறைக்குமா? மாதங்கள் போகும் இந்த விளையாட்டில்தான் கண்காட்சியின் உண்மையான எழுத்து வேலை நடக்கிறது.

ஒரு பொருளின் அர்த்தம் எவ்வளவு இடத்தைப் பொறுத்தது என்பதற்கு ஒரு நடராசரை எடுத்துக்கொள்வோம். ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் சோழர் கால நடராசர் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம், ஏறத்தாழ 300 கிலோ எடை. சரக்குக் கொள்கலன்களைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவிக்குள் அனுப்பிப் பார்த்தபோது உள்ளே கூடில்லாமல் முழுக்கக் கெட்டியாக வார்த்தது என்று உறுதியானது. 2024-இல் அதே அருங்காட்சியகம் ஆசிய வெண்கலம் பற்றி நடத்திய கண்காட்சியில், பல நாடுகளின் வெண்கலப் படைப்புகளுக்கு நடுவே அவர் ஓர் உலோகச் சாதனை. அதே சிலையின் பக்கத்தில் நடன ஓவியங்கள் இருந்தால் அசைவைப் பற்றிய பேச்சு. உற்சவர் வீதியுலாப் படங்களும் பட்டாடைகளும் இருந்தால், அவர் ஒருகாலத்தில் யார் முன் எப்படி இருந்தார் என்ற நினைவு. சிலை கைமாறிய ஆவணங்கள் இருந்தால் எப்படி இங்கே வந்தார் என்ற கேள்வி. சிலை அதேதான். பக்கத்தில் இருப்பது மாறுகிறது. இதில் எதைத் தேர்ந்தாலும் மற்றவை பின்னால் போகும் என்பதை உணர்ந்து தேர்வதுதான் க்யூரேட்டரின் பொறுப்பு.

வரிசையும் ஒரு வாதம்தான். மேலே சொன்ன ரோம் ரஃபேல் கண்காட்சி அவருடைய மரணத்தில் தொடங்கியது. முதலில் ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனில் உள்ள அவர் கல்லறையின் பிரதி. அங்கிருந்து பின்னோக்கி, கடைசி அறையில் இளைஞர் ரஃபேல். 37 வயதில் செத்துப்போனவரின் உச்சத்தை முதலில் பார்த்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகும் நடை. 2020 மார்ச் 5-இல் திறந்து, பெருந்தொற்றால் சில நாளிலேயே மூடி, ஜூன் 2-இல் மீண்டும் திறந்தார்கள். வெர்மேர் கண்காட்சியோ இடத்தையே தாராளமாகச் செலவழித்தது: 28 சிறிய படங்களுக்குப் பத்து அறைகள். ஒரு படத்தின் முன் நிற்பவரின் கண்ணோரத்தில் வேறு படம் தெரியாதபடி விட்ட வெற்றுச் சுவர் வீண் செலவில்லை.

படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரத்தில் வருமாறு மாட்டுவது பொதுப் பழக்கம். நிற்கும் பெரியவரின் கண்மட்டம் அது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குழந்தைக்கும் அது உயரம். பேழையின் மேல்பரப்பை எவ்வளவு தாழ்த்துவது, உட்கார எங்கே பெஞ்சு போடுவது என்பதை எல்லாம் திறப்பு விழாவுக்கு முந்தைய வாரத்தில் யோசிக்க முடியாது. அட்டை மாதிரியிலேயே பெஞ்சு இருக்க வேண்டும்.

சுவரில் எழுதுவது

லேபிள் எழுதுவதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு படைப்புக்கு 50 முதல் 75 சொற்கள் வரைதான் என்று பல அருங்காட்சியகங்கள் வரம்பு வைத்திருக்கின்றன. அதற்குள் பார்வையாளரைப் படத்தை நோக்கித் திருப்ப வேண்டும். லேபிளைப் படித்துவிட்டு நிமிர்ந்து படத்தில் ஒன்றைத் தேடினால் அது நல்ல லேபிள். படித்துவிட்டு அடுத்த லேபிளுக்கு நகர்ந்தால், எழுதியவர் திரும்ப உட்கார வேண்டும்.

சுவரும் லேபிளும் எவ்வளவு கொடிய ஆயுதமாகும் என்பதை 1937-இல் மியூனிக் கண்டது. ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் நாஜிகள் நடத்திய கண்காட்சியும் கருப்பொருள் சார்ந்த கண்காட்சிதான். அருங்காட்சியகங்களிலிருந்து பறிமுதல் செய்த சுமார் 650 படைப்புகளைக் குறுகலான அறைகளில் நெருக்கியடித்து, கோணலாகக்கூட மாட்டி, சுவரில் ஏளன வாசகங்களை எழுதினார்கள். படங்களின் பக்கத்தில் அவற்றை வாங்கிய விலை. ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடிய காலத்து எண்கள் அவை. அந்த உண்மையைச் சொல்லாமல் வரிப்பணம் வீணானது என்று மட்டும் எழுதினார்கள். மியூனிக்கில் மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். நெருக்கம், உயரம், எழுத்து, விலைச்சீட்டு என்று இன்றைய க்யூரேட்டர் கையில் இருக்கும் அதே கருவிகள்தான் அங்கேயும் இருந்தன. இதை ஒவ்வொரு புதிய க்யூரேட்டரும் படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நல்ல நோக்கமும் தவறிப் போகும். 1969 ஜனவரியில் மெட்ரோபாலிட்டன் மியூசியம், நியூயார்க்கில் கறுப்பினத்தவர்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லம் பகுதியின் வரலாற்றைப் பெரிய அளவில் காட்டியது. நிழற்படங்களும் ஒலியும் நிறைந்த கண்காட்சி. ஆனால் அந்தப் பகுதியில் வாழ்ந்து வரைந்துகொண்டிருந்த கறுப்பின ஓவியர்களின் ஒரு ஓவியம்கூட இல்லை. ஓவியர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். ஒரு சமூகத்தைப் பற்றிப் பேசும்போது அந்தச் சமூகத்தைத் திட்டமிடும் மேசையில் உட்கார வைக்காததன் விளைவு அது. இப்போது பல அருங்காட்சியகங்கள் ஆலோசனைக் குழுக்களை ஆரம்ப ஆண்டிலேயே அமைக்கின்றன. வாக்கியம் முடிவான பிறகு கூப்பிட்டுக் கருத்துக் கேட்டால் அது கையெழுத்து வாங்குவது போலத்தான். வாக்கியத்தை எழுதும்போதே கூப்பிட வேண்டும். 55 ஆண்டுகள் கழித்து, 2024-இல் அதே மெட்ரோபாலிட்டன், ஹார்லம் மறுமலர்ச்சி (இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த கறுப்பினக் கலை, இலக்கிய இயக்கம்) பற்றி சுமார் 160 படைப்புகளோடு ஒரு கண்காட்சி நடத்தியது. இந்த முறை ஓவியர்கள் நடுநாயகமாக இருந்தார்கள். அதை உருவாக்கிய க்யூரேட்டர் டெனிஸ் முரெல். லோர் யார் என்று கேட்டவர்.

பெட்டி திறக்கும் நாள்

கடைசி மூன்று நான்கு வாரங்கள் தச்சர்கள், பெயின்டர்கள், மின்பணியாளர்கள், படம் மாட்டுபவர்கள் கையில். சுவர் பூச்சின் வாடை முழுவதும் போக வேண்டும். அதில் வரும் வாயுக்களே சில பொருள்களைக் கெடுக்கும். படைப்புகள் வரும் பெட்டியை வந்தவுடன் திறப்பதில்லை. சாதாரணமாக 24 மணி நேரம் அறையிலேயே வைத்திருந்து, உள்ளிருக்கும் காற்று அறையின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழகிய பிறகுதான் திருகுகளைக் கழற்றுவார்கள். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்க வேண்டும் என்ற பழைய கண்டிப்பு இப்போது தளர்ந்து, பெரும்பாலான பொருள்களுக்கு 40 முதல் 60 வரை போதும் என்று பெரிய அருங்காட்சியகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மின்சாரம் மிச்சமாகிறது. படைப்போடு ஆள் அனுப்பாமல் காணொளி வழியாகவே மேற்பார்வை செய்வதும், விமானத்தில் வரவழைப்பதைக் குறைத்துச் சொந்தக் கிடங்கையே துருவுவதும் கூடியிருக்கிறது. வில்சனின் பேழையை நினைத்தால் இதைப் பஞ்சகாலத் தீர்வாகப் பார்க்கத் தோன்றவில்லை. கிடங்கில் கேட்கப்படாத கேள்விகள் நிறையக் கிடக்கின்றன.

திறந்த பெட்டியின் அருகே ஒரு மேசை. பாதுகாப்பு வல்லுநர் பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்து, படத்தின் பரப்பை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார். சிறு விரிசல், தூக்கிய வண்ணத் துணுக்கு, சட்டத்தில் ஒரு கீறல். ஒவ்வொன்றையும் நிலை அறிக்கையின் நிழற்படத்தில் குறித்து, கொடுத்தவரும் பெற்றவரும் கையெழுத்திடுகிறார்கள். அதன் பிறகு படம் சுவருக்குப் போகிறது, மூன்று மாதம் ஒரு புதிய துணையின் பக்கத்தில் இருக்கிறது. கண்காட்சி முடிந்த மறுநாள் அதே மேசை, அதே விளக்கு. அதே அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு கீறலும் முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறதா என்று சரிபார்த்து, இரண்டாவது கையெழுத்தைப் போட்டு, பெட்டியை மூடித் திருகுகிறார்கள்.